உரித்தாலும் நின்ற கதை

ஜூன் 2, ஞாயிறு

இன்று கூட்டம் ரணகளம். அண்டம் வாசகர் வட்டத்தில் மொத்தமே பத்துப் பதினோரு பேர்தான். அதிலும் இரண்டு கட்சி. ஆண்டு மலருக்கு வந்திருக்கும் கதைகளில் எது அறிவியல் புனைகதை, எது இல்லை என்று முடிவானால்தான் நான் என் ஜெராக்ஸ் கடையில் மலரை அச்சடித்துக் கம்பி போட முடியும். முடிவாகிற மாதிரி தெரியவில்லை.

ஒரு கட்சி ஞானதுரை. பாளையங்கோட்டையில் பிசிக்ஸ் டியூஷன் நடத்துகிறார். பள்ளிக்கூடத்திலிருந்தே எனக்குச் சிநேகிதம். இந்த வட்டத்தை நாங்கள் இரண்டு பேரும்தான் ஆரம்பித்தோம், கூட்டம் நடப்பதும் அவருடைய டியூஷன் ஹாலில்தான். கதையிலிருந்து அறிவியலை எடுத்துவிட்டால் கதை பொத்தென்று விழ வேண்டும், விழாவிட்டால் அது வேஷம் கட்டிய குடும்பக் கதை என்பது அவர் சட்டம். எதிர்க்கட்சி காதர் மைதீன். மேலப்பாளையத்தில் செல்போன் பழுது பார்க்கிறார். படித்ததும் ஆச்சரியம் வந்தால் போதும், பூதம் வந்தாலும் சேர்க்கலாம் என்பார்.

"பூதம் எந்தக் கோள்லருந்துவே வருது?" என்றார் ஞானதுரை.

"உம்ம கதைல கப்பலு ஒளியவிட வேகமாப் போவுதே, அது எந்த பிசிக்ஸ்ல வருது?" என்றார் காதர்.

நான் செயலாளர். இரண்டு பேருக்கும் தலையாட்டினேன். ஏனென்றால் இரண்டு பேர் சொல்வதும் எனக்குச் சரியாகத்தான் பட்டது. இது என் நெடுநாள் வியாதி.

கடைசியில் காதர்தான் இறங்கி வந்தார். காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்த ஞானதுரையின் பக்கத்தில் போய், "சரி விடும்" என்று கையை நீட்டினார். ஞானதுரை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுக்கிய காகிதத்தையே மறுபடி அடுக்கினார். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் காதர் தலையைச் சொறிந்துகொண்டு வெளியே போய்விட்டார். எனக்கே கூசிவிட்டது. ஒரு கொள்கைக்காக மனுஷன் இவ்வளவு திமிராக இருக்க வேண்டுமா?

ஜூன் 3, திங்கள்

கோமு காப்பி கொடுத்துக்கொண்டே கேட்டாள்: "அறிவியல் புனைகதைன்னா என்னது?" விளக்க ஆரம்பித்தேன். காப்பி ஆறிவிட்டது. "இம்புட்டு வருசமா என்னன்னே தெரியாத ஒண்ணையா படிச்சிட்டு இருக்கீய?" என்று டம்ளரை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஜூன் 9, ஞாயிறு

நல்ல சாரல். ஹாலுக்குள் நுழைந்ததும் வழக்கம்போல், "தபால் வந்தாச்சா?" என்றேன். "வந்துக்கிட்டே இருக்கு" என்றார் ஞானதுரை. அந்தமட்டில் சமாதானம்.

இந்தத் தபால் விஷயம் வெளியாட்களுக்குப் புரியாது. நாங்கள் பையன்களாக இருந்தபோது விண்முரசு என்று ஒரு பத்திரிகை வந்தது. அதில் சனிக்கோளில் தபால்காரனாக இருக்கும் ஒருவனைப் பற்றித் தொடர்கதை. அவன் கொண்டுவரும் தபால் எல்லாமே வருஷக்கணக்கில் பிந்தித்தான் வரும். கல்யாணப் பத்திரிகை வந்து சேரும்போது அந்தத் தம்பதிக்குப் பேரன் பிறந்திருப்பான். பத்திரிகை நின்று போனது. தொடர்கதையும் பாதியில் நின்றது. ஆனால் வட்டத்தில் யாரும் யாருக்கும் வணக்கம் சொல்வதில்லை. தபால் வந்தாச்சா என்றுதான் கேட்போம்.

இன்று இரண்டு கதைகளை உரித்தோம். உரிப்பதும் எங்கள் வழக்கம்தான். சந்தேகத்துக்குரிய கதையை ஒருவரிடம் கொடுப்போம். அவர் அதிலிருக்கும் அறிவியலையெல்லாம் வெங்காயத் தோல் மாதிரி உரித்துவிட்டு, மிச்சத்தைச் சாதாரணக் கதையாக எழுதி வந்து வாசிக்க வேண்டும். அப்போதும் கதை நின்றால் அது வெளியே. விழுந்தால் மலருக்குள்ளே. இதைக் கண்டுபிடித்தவரும் ஞானதுரைதான். இதில் சொந்தத் தம்பி கதையையே வெளியே தள்ளியிருக்கிறார்.

கூட்டம் முடிந்ததும் பேச்சி டீச்சர் என்னைத் தனியே கூப்பிட்டார். தேர்வுக் குழுவில் அவரும் இருக்கிறார். "சார், ஞானதுரை சார் கதைகளப் படிக்கவே இல்லன்னு நெனைக்கேன். எல்லாத்தையும் வாய்விட்டு வாசிங்க, வாசிங்கங்காவ. ஒரு கதைல ரெண்டாம் பக்கத்துல இருக்கறத நான் கேட்டேன், பேச்ச மாத்திட்டாவ" என்றார்.

எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. பேசும்போது உதாரணமெல்லாம் பழசு. விண்முரசு, அதை விட்டால் அதற்கும் முந்தியது. புதிதாக எதையும் தொடுவதில்லை. போன வாரம் என்னிடம், "எழுத்த இன்னும் கொஞ்சம் பெருசா அடிச்சா என்னவே?" என்று கேட்டார். காகிதம் என்ன மரத்திலா காய்க்கிறது என்று கேட்டுவிட்டேன். படிக்காத மனுஷனுக்கு எழுத்து எவ்வளவு பெரிசாக இருந்தால் என்ன?

மலருக்குக் கடைசியாக ஒரு கதை வந்திருக்கிறது. பேரை மறைத்து எண் போடுவது பேச்சி டீச்சரின் தங்கை. இதற்கு ஏழாம் எண். பார்த்தேன். பக்கம் பக்கமாகப் போகிறது, ஒரு கமா இல்லை, ஒரு முற்றுப்புள்ளி இல்லை. எழுதினவருக்கு மூச்சு முட்டாதா?

ஜூன் 12, புதன்

இன்று சாகப் பார்த்தேன்.

ஞானதுரையின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். சமாதானபுரம் முக்கில் இடப்பக்கம் இருந்து ஒரு ஆட்டோ வந்தது. இவர் பிரேக்கே போடவில்லை. நான் கத்திய கத்தலில் ஆட்டோக்காரனே நின்றுவிட்டான். எங்கள் இரண்டு குடும்பத்தையும் சேர்த்து வைது தீர்த்தான்.

"என்னவே, ஆட்டோ தெரியலையா?"

"பாத்தேம்வே."

"பாத்துட்டா நேர விட்டீரு?"

"பாத்தேம்னு சொல்லுதேம்லா."

கொஞ்சதூரம் போனதும் வண்டியை ஓரங்கட்டினார். "நீரு ஓட்டும். எனக்கு ஒண்ணு யோசிக்கணும்" என்று சாவியை என் கையில் வைத்தார். பூதத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்று ரோட்டில் வண்டி ஓட்டும்போதா யோசிப்பார்கள்? இவருக்கு இந்த விஷயம் தலைக்கு மேல் ஏறிவிட்டது.

ஜூன் 16, ஞாயிறு

ஏழாம் கதையைப் பேச்சி டீச்சர் வாசித்தார். நிறுத்தற்குறி இல்லாததால் எங்கே மூச்சு விடுவதென்று அவரே திட்டம் போட்டுக்கொண்டு வாசித்தார்.

கதை இதுதான். ஒரு விண்கப்பல். அதன் முகப்பில் பெரிய வட்டச் சாளரம். சாளரத்தின் விளிம்பில் ஒருவகைக் கரிய தூசி ஒட்ட ஆரம்பிக்கிறது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உள்நோக்கி வருகிறது. நடுவில் தெரியும் வட்டம் சின்னதாகிக்கொண்டே போகிறது. கேப்டன் அதைத் துடைத்துப் பார்க்கிறார், போகவில்லை. சிப்பந்திகளிடம் சொல்லவில்லை. சொன்னால் தலைமையை வாங்கிவிடுவார்கள் என்று பயம். பழகிய பாதை என்பதால் ஞாபகத்தை வைத்தே கப்பலை ஓட்டுகிறார். கடைசியில் ஒரு கோள் எதிரே வருகிறதா, பக்கத்தில் வருகிறதா என்று தெரியாமல் நிற்கிறார். அங்கே கதை முடிந்துவிடுகிறது.

ஒரு மணி நேரம் அடித்துக்கொண்டோம். வெற்றிடத்தில் தூசி எப்படி ஒட்டும் என்றேன் நான். நிலை மின்சாரம் என்றார் ஒருவர். அப்படியானால் நடுவிலும் ஒட்ட வேண்டுமே, ஏன் விளிம்பில் மட்டும் என்றேன். இன்றைக்கு நான் சொன்னதிலேயே சிறந்த வாதம் அதுதான். ஆச்சரியம், ஞானதுரை வாய் திறக்கவில்லை. பிசிக்ஸ் விஷயத்தில் அந்த மனுஷன் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

கடைசியில், "இத உலகு உரிக்கட்டும்" என்றார். உலகு என்றால் நான், உலகநாதன். உரிப்பதற்கு இதுவரை சீட்டுப் போட்டுத்தான் ஆள் எடுத்திருக்கிறோம். இவராகவே பேர் சொன்னது இதுதான் முதல் தடவை.

அப்புறம்தான் குண்டு விழுந்தது. காதர் எழுந்து, "படிக்காம தீர்ப்பு சொல்ற ஆளு தேர்வுக் குழுவுல இருக்கக்கூடாது. முப்பதாம் தேதி ஓட்டுக்கு விடணும்" என்றார். பாதிப்பேர் தலையை ஆட்டினார்கள்.

"என்னத் தூக்கினா நான் வட்டத்துலயே இருக்கமாட்டேன்" என்றார் ஞானதுரை. சொல்லிவிட்டு எழுந்தவர் ஓரத்திலிருந்த நாற்காலியை எத்திவிட்டுப் போனார். நாற்காலி சுவரில் போய் இடித்தது. அவ்வளவு கோபம்.

இவர் போனால் வட்டம் ஏது? ஹாலை விடுங்கள், என் கடை மாடியில்கூட உட்கார்ந்துகொள்ளலாம். தபால் வந்தாச்சா என்று நான் யாரிடம் கேட்பது?

ஜூன் 18, செவ்வாய்

நாளை எப்படி இருக்கும் என்று சொன்னால் அறிவியல் புனைகதை. அப்படியானால் பஞ்சாங்கமும் சேர்த்தியா? வெட்டு.

இயந்திரம் வந்தால் அறிவியல் புனைகதை. என் கடையில் ஜெராக்ஸ் இயந்திரம் அடிக்கடி செய்வதை எழுதினால் பேய்க்கதை. வெட்டு.

ஒன்றும் விளங்கவில்லை.

ஜூன் 21, வெள்ளி

ஆனித் தேர். டவுனில் கால் வைக்க இடமில்லை. ரதவீதியில் ஞானதுரையும் அவர் மனைவி எஸ்தரும் போவதைப் பார்த்தேன். தேர் பார்க்க வந்தவர்களில்லை, ஜவுளிக்கடைப் பையோடு கூட்டத்தில் மாட்டிக்கொண்டவர்கள். எஸ்தர் அவர் முழங்கையைக் கெட்டியாகப் பிடித்திருந்தார். இந்த வயதில் இப்படி ஒரு காதல்!

வலப்பக்கமாகப் போய் அவர் தோளருகே நின்று, "தபால் வந்தாச்சா" என்று கேட்டேன். கொட்டுச் சத்தத்தில் கேட்டிருக்காது, சரி. கையை ஆட்டினேன். கை அவர் காதுக்கு அருகில் ஆடுகிறது, மனுஷன் நேரே பார்த்துக்கொண்டு நடக்கிறார். எஸ்தர் தேரைப் பார்த்தபடி இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆக, நானும் இப்போது எதிர்க்கட்சி. காதருக்குத் தலையாட்டியதை மனதில் வைத்திருக்கிறார். இருக்கட்டும். ஒன்றாய் டவுசர் போட்டுத் திரிந்தவர்கள், நானும் கோபப்படுவேன். கோபம்தான் வருகிறது, ஆனால் அழுகை மாதிரி வருகிறது.

ஜூன் 24, திங்கள்

கதையை உரிக்கவில்லை. உரிக்கப் போவதுமில்லை. வேறு யாரிடமாவது கொடுக்கட்டும்.

ஜூன் 26, புதன்

பகலில் கரண்டு போய்விட்டது. கடையில் ஆளில்லை. வேறு வேலையும் இல்லாததால் ஏழாம் கதையை எடுத்து ஒரு வெள்ளைத்தாளில் உரிக்க உட்கார்ந்தேன்.

விண்கப்பல் சுலபம். ஸ்கூட்டர் என்று போட்டேன். கேப்டன் என்பதை அடித்துவிட்டு ஒரு ஆள் என்று எழுதினேன். சிப்பந்திகளுக்கு, கூட்டாளிகள். கோளுக்குப் பதில் எதிரே வரும் வண்டி ஏதாவது, ஆட்டோ என்று வைத்துக்கொள்வோம் என்று எழுதினேன். சாளரத்துக்கு என்ன போடுவதென்று தெரியவில்லை. ஸ்கூட்டருக்கு ஜன்னல் கிடையாது. ஹெல்மெட் கண்ணாடி என்று எழுதிப் பார்த்தேன், அது கழற்றிவிட்டால் சரியாகிவிடும். துடைத்தால் போகாத, கழற்ற முடியாத, விளிம்பிலிருந்து இருண்டு வருகிற கண்ணாடி எது?

எழுதியதை மேலிருந்து வாசித்தேன்.

ஒரு ஆள் ஸ்கூட்டர் ஓட்டுகிறான். அவனுக்குப் பக்கவாட்டில் ஒன்றும் தெரியவில்லை. தெரியும் வட்டம் நாளுக்கு நாள் சின்னதாகிறது. கூட்டாளிகளிடம் சொல்லவில்லை. சொன்னால் தன்னை நீக்கிவிடுவார்கள் என்று பயப்படுகிறான். ஞாபகத்தை வைத்தே எல்லாவற்றையும் ஓட்டுகிறான். ஆட்டோ வருகிறது.

கரண்டு வந்தது. இயந்திரம் தானாகச் சத்தம் போட ஆரம்பித்தது. ஒருவர் ஆதார் அட்டையை நீட்டி இரண்டு காப்பி கேட்டார். எத்தனை எடுத்துக் கொடுத்தேன் என்று தெரியவில்லை.

ஜூன் 27, வியாழன்

மத்தியானம் டியூஷன் ஹாலுக்குப் போனேன். பிள்ளைகள் இல்லை. ஞானதுரை மேசையில் கையை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போய் அவருடைய இடப்பக்கம், கைக்கெட்டும் தூரத்தில் நின்றேன்.

அவர் ஏதோ கிறிஸ்துமஸ் பாட்டை முனகிக்கொண்டிருந்தார். முகத்துக்கு நேரே விரலைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக ஓரத்துக்கு நகர்த்தினார். எந்த இடத்தில் மறைகிறது என்று பார்க்கிறார் போலிருந்தது. விரல் என் பக்கம் வந்தது. என் சட்டையில் படாத குறை. அவர் விரலை மடக்கிக்கொண்டார்.

நான் நிற்பது அவருக்குத் தெரியவில்லை.

வந்த மாதிரியே வெளியே வந்துவிட்டேன். செருப்பைக் கடைக்கு வந்தபிறகுதான் பார்த்தேன், ஒன்று என்னுடையது இல்லை.

ஜூன் 29, சனி

நாளை நான் உரித்ததை வாசிக்க வேண்டும். வாசித்தால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். வாசிக்காவிட்டால், படிக்காமல் தீர்ப்புச் சொன்னவர் என்று அவரை நீக்குவார்கள். ஊருக்குச் சொல்லலாமா கூடாதா என்பது அவர் கண், அவர் பாடு. ஆனால் நாளைக்கும் அவர் வண்டியில்தானே வருவார்?

கோமுவிடம் சொன்னேன். அவள், "மொதல்ல அந்தச் சாவிய வாங்கி வைங்க" என்றாள். எங்கள் வட்டத்தில் ஒருவருக்கும் இவ்வளவு தெளிவு கிடையாது.

ஜூன் 30, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

எல்லாரும் வந்திருந்தார்கள். நான் எழுந்து, "ஏழாம் கதைய உரிச்சேன். உரிச்சா ஒண்ணும் மிச்சமில்ல, விழுந்திட்டு. அசல் அறிவியல் புனைகதை. சேத்துக்கலாம்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

"உரிச்சத வாசியும்" என்றார் காதர்.

"கிழிச்சுப் போட்டுட்டேன்."

"அதெப்படி? வாசிக்காம எப்படி முடிவு பண்ண? நீருமா இப்படி ஆரம்பிச்சிட்டீரு?"

அப்போது ஞானதுரை மேசையைத் தட்டினார். "உலகு பொய் சொல்லுதாரு. அந்தக் கதை விழாது. நிக்கும்."

"நீரு படிச்சீரா?" என்றார் காதர்.

"படிக்கல. எழுதுனேன். போன்ட்ட சொல்லி எழுதுனேன், அதாம் கமா இல்ல." கொஞ்சம் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "உரிச்சத நானே சொல்லுதேன். ஒரு ஆளுக்கு ஓரத்துலருந்து கண்ணு மங்கிக்கிட்டு வருது. இப்ப நேர இருக்கறது மட்டும்தான் தெரியும். அவங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது, கடைசில சுவரத் தடவித்தான் நடந்தாரு. எழுத்தெல்லாம் ஓடுது, படிக்க முடியல. படிச்சாத்தான் ஞானதுரை, படிக்கலன்னா யாரு? அதனால ஒருத்தருட்டயும் சொல்லல. அவ்வளவுதான் கதை. தூசியும் இல்ல, கப்பலும் இல்ல. நிக்குதுல்லா? அப்ப அது வெளிய."

பேச்சி டீச்சர்தான் கேட்டார்: "சார், டாக்டர்ட்ட காட்டினீங்களா?"

"இல்ல."

"ஏன் சார்?"

"காட்டுனா பேரு வெச்சிருவாவ. பேரு வெச்சிட்டா பெறவு அதுதான்னு ஆயிரும்லா."

எல்லாவற்றுக்கும் பேர் வைக்கச் சொல்லி, எந்த வகை, எந்த வகை என்று இத்தனை காலம் எங்கள் உயிரை வாங்கிய மனுஷன் இதைச் சொன்னார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மறைக்கவில்லை. மறைத்தாலும் மறைக்காவிட்டாலும் அவருக்குத் தெரியப் போவதில்லை, நான் அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

காதர் எழுந்தார். நான் பயந்தேன். அவர் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து ஞானதுரைக்கு நேர் எதிரே நின்றார். கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்தார். பிறகு வலப்பக்கம்.

"இப்பத் தெரியுதேனா?"

"கொஞ்சம் தள்ளும்... ம். தெரியுதீரு."

"அன்னிக்கி ஓரமா நின்னு நீட்டிட்டேன். தப்பு எம்மேலதான்" என்று கையை நீட்டினார் காதர்.

"என்னைக்கு?" என்றார் ஞானதுரை. அவருக்குத் தெரியவே தெரியாது. காதர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். ரொம்ப நேரம் விடவில்லை.

அதற்குப் பிறகும் ஓட்டு நடந்தது. எங்கள் ஆட்கள் அப்படித்தான். ஏழாம் கதையை மலரில் சேர்ப்பதா? எல்லாரும் சேர்க்கலாம் என்றார்கள். ஒரே ஒரு ஓட்டு எதிராக விழுந்தது, எழுதியவருடையது. "சட்டம் சட்டம்தாம்வே" என்று முணுமுணுத்தார். வட்டத்தின் வரலாற்றில் அவர் சட்டம் தோற்றது இன்றுதான். நீக்குவது பற்றி யாரும் பேசவில்லை.

வெளியே வந்ததும் நான் கையை நீட்டினேன், முகத்துக்கு நேராக. சாவியை வைத்தார்.

ஜூலை 3, புதன்

கண்ணாஸ்பத்திரி. எஸ்தரும் நானும் கூடப் போனோம். சொட்டு மருந்து விட்டு உட்காரவைத்தார்கள், ஏதோ இயந்திரத்தில் முகத்தை வைக்கச் சொன்னார்கள், பக்கவாட்டில் புள்ளி தெரியும்போது பித்தானை அழுத்தச் சொன்னார்கள். வெகுநேரம் அவர் பித்தானை அழுத்தவே இல்லை.

டாக்டர் நோயின் பேரைச் சொன்னார். போன பார்வை திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றலாம், மருந்தை ஒருநாளும் விடக்கூடாது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் இந்த வட்டமும் இருந்திருக்காது என்றார். எஸ்தர் அங்கேயே அழுதுவிட்டார். கால் தடுமாறுகிறது, சர்க்கரையாக இருக்கும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாராம்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது கேட்டேன்: "எங்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதாவே?"

"சொன்னேம்லா. உரிக்கச் சொல்லி உம்மகிட்டதான குடுத்தேன்."

"நான் தூசி எப்படி ஒட்டும்னு கேட்டுட்டு இருந்தேன்."

"நல்ல கேள்விதான். இன்னும் எனக்கே பதில் தெரியல" என்றார். கொஞ்சம் கழித்து, "தபால் வந்தாச்சா?" என்றார்.

"வந்தாச்சு. பிந்திட்டு."

"சனிக்கோள்லருந்து வரணும்லா."

எஸ்தரை பஸ் ஏற்றிவிட்டு நாங்கள் வண்டியில் திரும்பினோம். நான் ஓட்டினேன். மலரைப் பெரிய எழுத்தில்தான் அடிக்கப் போகிறேன் என்று சொன்னேன். காகிதம் மரத்திலா காய்க்குது என்றார். அறிவியல் புனைகதை என்றால் என்ன என்று இன்னும் எனக்குத் தெரியாது, கோமு கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை.

சமாதானபுரம் முக்கு வந்தது. "இடப்பக்கம் ஆட்டோ" என்று உரக்கச் சொல்லி வேகத்தைக் குறைத்தேன்.

"பாத்தேம்வே" என்றார் பின்னாலிருந்து.